பதினைந்தடி தள்ளி நின்று பார்த்தவர்

ஏகாம்பரம் மாமா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கோலாரில் ஒரு கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தின் மெழுகுவத்தி அறையில் மாட்டியிருக்கும் படத்தில், எல்லாருக்கும் முன்னால் நடந்து வருகிற சிவப்புத் தலைப்பாகை நான்தான் என்று நாற்பது பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது என்ன, அறுபது பேர் இருக்கும். எங்கள் சுரங்கத்திலிருந்து வந்த ஆள் என் காதோடு விஷயத்தைச் சொன்னான். ஆரம்பித்த பேச்சை நான் முடிக்கவில்லை. என் வாயை அறிந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மாமா என்று கூப்பிட்டேனே தவிர எங்களுக்குள் இரத்த உறவு இல்லை. வட ஆற்காட்டிலிருந்து ஒரே வண்டியில் வந்து, ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். கல் விழுந்து அவர் காலை நொண்டியாக்கிய பிறகு, இறங்குகிற ஆட்களுக்கு மெழுகுவத்தி கொடுக்கிற ஜன்னலில் அவரை உட்கார வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனுக்கெல்லாம் அங்கிருந்தே ஒரு சத்தம் போடுவார்: "கண்ணக் கசக்காத. அப்படியே பாரு." இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்ததும் மூன்று நான்கு நொடி, ஆளும் மரமும் தெரியாமல் உலகம் வெறும் நிறமாய்த் துள்ளுமே, அதைத் தவறவிடக் கூடாது என்பது அவர் கட்சி. நாங்கள் சிரிப்போம், கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இஞ்சினீர் துரையின் சம்சாரம், மூன்று கால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சுரங்க வாயிலுக்கு வந்தாள். காலையில் ராத்திரி ஷிப்ட் மேலே வருகிற அரை மணி நேரம் மட்டும் வரைவாள், போய்விடுவாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் என் இங்கிலீஷைக் கேட்டு அந்த அம்மாளே அசந்துவிட்டாள். பிரான்ஸ் தேசத்தில் இப்போது இப்படித்தான் வரைகிறார்களாம். வெளிச்சம் ஓடிப்போவதற்குள் பிடித்துவிட வேண்டுமாம்.

படம் முடிந்த அன்று எல்லாரும் போய் அதன்மேல் மூக்கை வைத்தோம்.

"இன்னாய்யா இது, ஒருத்தனுக்கும் மூஞ்சியே இல்ல!"

"சாந்து கொட்டன தரை மாதிரி கீது."

"மூஞ்சி இல்லாம எழுதினா ஆவாதுடா, கெட்ட சகுனம். கீழ எறங்கறவங்க நாம."

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு தெரியும். முகம் சிவந்து, படத்தையே சுரண்டிப்போடக் கத்தியை எடுத்துவிட்டாள். மாமா ஜன்னலை விட்டு நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"கோபுரத்த மூக்கால உரசிப் பாப்பீங்களாடா? தள்ளுங்க. இன்னும் தள்ளு."

பதினைந்தடி தள்ளி நிறுத்தினார். அப்போது பார்த்தோம். நிழல் கறுப்பாக இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. புழுதி முழுக்க வெயில். வெள்ளையும் பழுப்புமாய் இழுத்து விட்டிருந்த தீற்றல்கள் எல்லாம் தோளும் காலுமாகி எங்களை நோக்கி நடந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், கேஜ் மணிச் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"மேல வந்ததும் நமக்குத் தெரியுமே, அந்த மூணு நொடிடா இது" என்றார் மாமா. "கீழ எறங்காமயே இந்தம்மா கண்டுகினாங்க பாரு."

நான் அதை இங்கிலீஷாக்கிச் சொன்னேன். கத்தி கீழே இறங்கியது. ஊர் திரும்பும்போது அந்த அம்மாள் படத்தை மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு தீற்றலைச் சொந்தம் கொண்டாடினோம். நான் சிவப்பை எடுத்துக்கொண்டேன். என்னிடமும் ஒரு சிவப்புத் தலைப்பாகை இருந்தது.

அடுத்த வருஷம் பாறை சரிந்து, எங்களோடு இறங்குகிற சின்னப்பன் போனான். முகத்தைத் திறந்து காட்ட முடியாத சாவு. அவன் மனைவி ஆரோக்கியம், அண்ணனோடு ஊருக்கே திரும்பிப் போகிற அன்று காலை, மெழுகுவத்தி அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அவரு மூஞ்சி எனக்கு மறந்துகினே வருது மாமா. போட்டோ ஒண்ணும் இல்ல. படத்துல கீறாருன்னு சொன்னாங்க." கிட்டப் போய்ப் பார்த்தாள். உடைந்துவிட்டாள். "இதுலயும் மூஞ்சி இல்லயே!"

மாமா படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, வெளியே எதிர்ச் சுவரில் வெயில் விழுகிற மாதிரி சாய்க்கச் சொன்னார். அவளை அறைக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினார். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று விட்டுவிட்டு, சட்டென்று திறந்தார்.

"கண்ணக் கசக்காத தாயி. அப்படியே பாரு."

அவள் பார்த்தாள்.

"தோ... எடது தோளு சாஞ்சி, கைய வீசிகினு... அவருதான். வராரு மாமா, வராரு!"

அவள் விரல் நீட்டியது சிவப்பை. நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

ரயில் ஊதும்வரை அவள் நகரவில்லை. அண்ணன் கூப்பிட்ட பிறகு, "மூஞ்சியும் நெனப்பு வந்துட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அது நான்தான மாமா?" என்று பிறகு சண்டைக்குப் போனேன்.

"நீ நாளைக்கும் நடந்து வருவடா. அவன் அங்க மட்டுந்தான் வருவான்."

 ஆனாலும் விஷயம் தெரியாதவர்களிடம் சிவப்பு நான்தான் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், அந்தக் கல்யாணப் பந்தல் வரைக்கும்.

மாமாவை அடக்கம் செய்துவிட்டு நேரே மெழுகுவத்தி அறைக்குப் போனேன். படத்தை வெளியே சாய்த்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பிறகு திறந்தேன். எல்லாரும் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இருட்டாய் இருக்கிற கொட்டகைக்குள், ஒரு பொட்டு மஞ்சள். சாயம் தவறி விழுந்தது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். அது மெழுகுவத்தி கொடுக்கிற ஜன்னல் இருக்கிற இடம். தனக்கென்று ஒரு தீற்றலைக்கூடக் கேட்காத மனிதர் உட்கார்ந்திருந்த இடம்.

ஆகவே அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னாலும் எழுதிக் கொடுக்கிறேன். அந்தச் சிவப்பு சின்னப்பனுடையது. என் பங்குக்கு நான் வைத்துக்கொள்வது அந்த மஞ்சளை. அது யார் என்று இனி ஊரெல்லாம் சொல்லப்போகிறவன் நான்தான்.

அன்று கதவருகே வெகுநேரம் நின்றேன். கண்ணைக் கசக்கவில்லை. அப்படியே பார்த்தேன்.