பேச்சறை செய்த ஞானப்பூ அம்மாள்

புன்னக்காயல் கரையில் தோணிகளுக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்த காலையில் சூசை வந்து என் பக்கத்தில் நின்றார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த வண்டிக்காரன் சொன்னதாகச் சொன்னார். "ஞானப்பூ அக்கா போயிட்டாவளாம்வே." அந்த அம்மாளை முன்னிட்டு வேலையை இழந்து அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள் இருவர். கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மாலை ஜெபக்கூட்டத்துக்குத்தான் இருக்க முடிந்தது. சகலரையும் மன்னித்து, சமாதானத்தோடு நித்திரையடைந்தார் என்று போதகர் ஐயா சொன்னார். முன் பெஞ்சில் ஜேக்கப் பொன்னையா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். போதகர் ஐயா மேல் குற்றமில்லை. அவர் ஊருக்குப் புதியவர், தமக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். சொல்லிக்கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

எஸ்தர் ஞானப்பூ அம்மாளை அறிந்த சபையாருக்கும், அவரிடம் தையல் படித்த பெண்பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். அவர் பொன்னையாவை மன்னிக்கவில்லை. செத்துப்போனவர் மறுத்துப் பேசமாட்டார் என்ற தைரியத்தில் ஒருவர் செய்கிற காரியத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. திருநெல்வேலிப் பாலத்தை ஒட்டி ஒரு பஞ்சுக் கம்பெனி பொதிகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி இருந்தது. அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை கம்பெனி ஒரு டெலிபோன் கம்பி இழுத்தது. கட்டணம் கொடுத்தால் வெளியாரும் பேசலாம் என்று அறிவித்தார்கள். கம்பெனி ஏஜெண்டு பொன்னையா. கிட்டங்கிப் பக்கத்து டெலிபோன் அறைக்கு நான் காவல், துறைமுகப் பக்கத்து அறைக்குச் சூசை.

கம்பி நீளம் என்பதால் தொண்டை கிழியக் கத்தினால்தான் மறுமுனையில் காதில் விழும். அறை என்றது சீமையிலிருந்து வந்த ஒரு தேக்குப் பெட்டி. அதற்குள் நின்று கத்தினால், ஆள் வேர்த்து நனைந்து வெளியே வருவான். அவன் பேசியது முழுக்க அவனுக்கு முன்பே வெளியே வந்திருக்கும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பள வியாபாரி ஒருவர் வருவார். கப்பலில் வந்த உளுந்துக்கு ஒருநாள் உள்ளேயிருந்து விலை கேட்டார். வாசலில் முறை காத்து நின்ற இன்னொருவர் அதைக் கேட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்கு ஓடி அந்த உளுந்தை மடக்கிவிட்டார். அதோடு வியாபாரிகள் வருவது குறைந்தது.

அறைக்குத் திரை தைக்க ஏஜெண்டு கூப்பிட்டு அனுப்பியதுதான் ஞானப்பூ அக்காவை. தந்தி இலாகாவில் மெக்கானிக்காக இருந்து இறந்தவர் அவருடைய கணவர். பேட்டரியும் கம்பியும் அக்காவுக்கு வீட்டுச் சாமான் மாதிரி பழக்கம். அவர் பெட்டியைச் சுற்றி நடந்தார், என்னை உள்ளே போய்க் கத்தச் சொன்னார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு திரையெல்லாம் தைத்துப் பிரயோசனம் இல்லை, நான் வேறு அறை செய்து தருகிறேன் என்று ஏஜெண்டிடம் சொன்னார்.

அந்த அறை உருவான விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். சுவர்கள் இரட்டைப் பலகை, நடுவில் இலவம்பஞ்சு திணித்தது. உட்பக்கம் பத்தமடைக் கோரைப்பாய்களை விறைப்பாக அடிக்காமல் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார். கதவு விளிம்பில் கம்பளி வைத்துத் தைத்தார். உள்ளே ஒரு சிறு பெஞ்சு. அதில் ஆள் உட்கார்ந்தால் அடியில் உள்ள சுருள்வில் அமுங்கி, வெளியே கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரியும். ஆள் இருப்பது தெரியாமல் கதவைத் திறக்கிற தொல்லை அதோடு தீர்ந்தது. அவர் அதிகம் மெனக்கெட்டது காற்றுக் குழாய்க்குத்தான். கூரையில் வைத்த அந்தக் குழாய் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து திரும்பும், உட்புறம் கம்பளி ஒட்டியிருக்கும். காற்று வளைந்து வந்துவிடும், சத்தத்துக்கு வளையத் தெரியாது என்பார்.

சோதனை பார்த்த நாளில் என்னை உள்ளே அனுப்பி, வாய்க்கு வந்ததைக் கத்தச் சொன்னார்கள். ஏஜெண்டு வெளியே நிற்கிறார் என்ற நினைப்பிலேயே, அவரைப்பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் முழுவதையும் கத்தினேன். வெளியே வந்து பார்த்தால் அவர் சிரித்த முகமாக நிற்கிறார். என்ன சொன்னாய் என்று அக்கா கேட்டார். வேதத்திலிருந்து சங்கீதம் சொன்னேன் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாபச் சங்கீதமாக இருக்கும் என்றார். சனங்கள் அந்தப் பெட்டிக்குப் பேச்சறை என்று பேர் வைத்தார்கள். வியாபாரிகள் திரும்பி வந்தார்கள்.

கண்டுபிடித்த உரிமைக்கு இருவர் பேரிலும் பேட்டெண்டு வாங்கலாம் என்று, அக்கா செய்து கொடுத்த மாதிரிப் பெட்டியைப் பொன்னையா சென்னைக்குக் கொண்டுபோனார். அக்கா நம்பினார். ஒரே சபை, ஒரே பந்தி. கொஞ்ச நாளில் பத்திரிகையில் படம் வந்தது, ஜேக்கப் பொன்னையா கண்டுபிடித்த பேச்சறை என்று. அக்காவின் பேர் எங்கும் இல்லை. அவர் சொல்லத் தைத்துக் கொடுத்த தையல்காரி என்று ஒரு வரி இருந்தது.

அக்கா கிட்டங்கிக்கு வந்து எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டார். பொன்னையா அங்கே பதில் சொல்லவில்லை. அக்கா வேலை பார்த்த பெண்பிள்ளைப் பள்ளியின் மேனேஜரிடம் போய்ப் பதில் சொன்னார். வெளியே ஒரு சத்தமும் கேட்காத அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விதவை ஆண்களோடு இருந்தாள் என்றார். மேனேஜர் விசாரிக்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலிலேயே அக்காவைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்த தையல் கூடையைக்கூட எடுக்க விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பெண்கள் அவரைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். தங்கை ரெபேக்காளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்தது. ரெபேக்காள் இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறார்.

அந்த நாட்களில் ஒருமுறை, எல்லாவற்றையும் மன்னித்து விட்டுவிடுங்கள் அக்கா, உடம்பு கெட்டுப்போகும் என்று சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மன்னிக்கது கர்த்தரோட சோலி தம்பி. எனக்கு வேற சோலி கெடக்கு."

அந்தச் சோலிக்கான வழியைப் பொன்னையாவே திறந்துவிட்டார். பேச்சறைகளை ஊர் ஊருக்குச் செய்து விற்க ஏற்பாடு செய்துகொண்டு, முதலில் கிட்டங்கியில் இருந்ததைப் பிரித்துவிட்டுப் பெரிதாக ஒன்று செய்வித்தார். கண்ணாடியும் வார்னிஷும் பித்தளைப் பிடியுமாக மின்னியது. அதை அக்காவிடம் விவரித்தபோது, காற்றுக் குழாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வளைந்தது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, நேராகப் பளபளவென்று பித்தளையில் வாய் விரித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். அக்கா தையலை மடியில் வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். நாதசுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்றார். திறப்பு விழா என்றைக்கு, முதலில் பேசப்போவது யார் என்று விசாரித்துக்கொண்டார். இந்த விஷயம் உன்னோடு இருக்கட்டும் என்றார். சந்தோஷமாகச் சரி என்றேன்.

விழா நாள் வந்தது. பந்தலில் சென்னையிலிருந்து வந்த பெரிய துரை, வியாபாரிகள், சபையார், பள்ளி மேனேஜர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பேசுகிற ஒரு வார்த்தை வெளியே வராது என்று பொன்னையா பிரசங்கம் செய்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுமுனையில் துறைமுகத்து அதிகாரி வாழ்த்துச் சொல்வதாக ஏற்பாடு. அதிகாரி அறைக்கு வருமுன்பே சூசை அக்காவை உள்ளே விட்டிருந்தார். முந்தின ரயிலில் அக்கா தூத்துக்குடி போயிருந்தது எனக்கும் சூசைக்கும் மட்டுமே தெரியும்.

பந்தல் அமைதியாக இருந்தது. கூரைமேல் குழாயிலிருந்து பொன்னையாவின் குரல் விழுந்தது.

"யாரு? நீயா? அங்கன உனக்கு என்ன சோலி?"

சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எங்களுக்கு ஒரு பக்கப் பேச்சுத்தான் கேட்டது. அக்கா என்ன கேட்டார் என்பதைச் சூசை பிறகு சொன்னார். என்மேல் ஏன் அப்படிச் சொன்னீர், அது பொய்யென்று உமக்குத் தெரியாதா என்று கம்பிக்கு வேண்டிய சத்தத்தோடு, ஆனால் நிதானமாகத்தான் கேட்டாராம். பொன்னையாவோ வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினார்.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதாம்ளா சொன்னேன். பேட்டெண்டு பேட்டெண்டுன்னு வாயத் தொறந்தா வேற எப்பிடி அடைக்க? செஞ்சது நீதான், யாரு இல்லைன்னா? பொம்பள செஞ்சதுன்னு போட்டா எவன் வாங்குவான்? மேனேஜர் ஒரு மடையன், சொன்னதும் நம்பிட்டான். போ, போய்க் கத்து. இங்கன நிக்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் கேக்காது."

பெரிய துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் நல்ல இங்கிலீஷில், அவசரமில்லாமல், ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். மடையன் என்பதற்குச் சரியான சொல் கிடைக்கச் சற்று யோசித்தார்.

பொன்னையா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அதிகாரி எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார் என்றார். ஒருவரும் கை தட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குழாயைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தபோது முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். என் ஆயுளில் அத்தனை திருப்தியாக நான் வேறெதையும் பார்த்ததில்லை. இப்படி எழுதுவது கிறிஸ்தவனுக்கு அழகா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம்.

அவருடைய ஏஜெண்டு வேலை போயிற்று. ஊர் ஊருக்கு விற்பனை நின்றது. என்னையும் சூசையையும் விலக்கினார்கள். அதை எதிர்பார்த்தே இருந்தோம். புன்னக்காயலில் எங்களுக்கு வேலை அமைகிறவரை சூசையின் பிள்ளைகளுக்கு அக்கா வீட்டில்தான் சோறு.

பள்ளி மேனேஜர் அக்கா வீட்டுக்கு வந்தார். நடந்ததை மறந்து வேலைக்கு வர வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பொய்யச் சத்தமா நம்புனீய, அய்யா. உண்மையக் காதுக்குள்ள வந்து சொல்லுதீய. ஆராதனை முடிஞ்சதும் சபைக்கு முன்னால எந்திரிச்சுச் சொல்லுங்க, வாரேன்."

ஒருவாரம் போனது. மேனேஜர் எழுந்து நின்று சொன்னார். அக்கா பள்ளிக்குத் திரும்பினார். மேனேஜரை அதன்பின் அவர் ஒருநாளும் குத்திப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னவருடைய கணக்கு அவரிடம் முடிந்துவிடும். பொன்னையா மட்டும் எழுந்து நிற்கவில்லை. பந்தலில் வாய் தவறி உளறியதெல்லாம் கோபத்தில் வந்தது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டார். பேட்டெண்டு இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. காலம் போகப் போகச் சபையும் மறந்தது, முன் பெஞ்சு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அக்கா மறக்கவில்லை. கோவில் வாசலில் பொன்னையா வணக்கமாகச் சொல்லும் ஸ்தோத்திரத்துக்கு அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இப்போது கடைசி நாட்களுக்கு வருகிறேன். இது ரெபேக்காள் அம்மாள் என்னிடம் சொன்னது, எழுதவும் அனுமதி தந்திருக்கிறார். அக்கா படுக்கையில் இருந்தபோது பொன்னையா ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்று ரெபேக்காளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அது சாதாரண வீட்டுக் கதவு, பேசுவது கேட்கும். ஞானப்பூ, என்னை மன்னித்துவிடு, எனக்கும் வயதாகிவிட்டது என்றார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பைய, நிறுத்தி நிறுத்திச் சொன்னாராம்.

"கதவத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேளும்."

வெளியே கூடத்தில் அக்காவைப் பார்க்க வந்த சபைப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னையா கதவருகே வந்தார், தாழ்ப்பாளில் கை வைத்தார், அப்படியே நின்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல், பெண்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். ஆரஞ்சுப் பழங்களை அக்கா மாட்டுக்குப் போடச் சொன்னார். இரண்டொரு நாளில் இறந்தார். இதைத்தான் மன்னிப்பு என்று பொன்னையா போதகர் ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அக்காவைப்பற்றிச் சாந்தமான வார்த்தைகள் பலர் எழுதுவார்கள். அவர் சாந்தமானவர் அல்ல. தையலில் ஒரு இழை கோணினாலும் பிரிக்கச் சொல்வார், மனிதர்களிடத்திலும் அப்படித்தான். அவரிடம் படித்த பெண்களுக்கு நல்ல தையல் மிஞ்சியிருக்கிறது. ரெபேக்காளுக்கு வீடு மிஞ்சியிருக்கிறது. எனக்கு அவருடைய கோபம் மிஞ்சியிருக்கிறது. அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். ஜேக்கப் பொன்னையா உயிரோடு இருக்கிறவரை அது எனக்கு வேண்டும். அவர் அடக்கத்தன்று நடக்கும் ஜெபக்கூட்டத்தில் யாராவது எழுந்து, பேச்சறையைக் கண்டுபிடித்த மகான் என்று ஆரம்பிப்பார்கள் இல்லையா, அன்றைக்கும் வேண்டும்.