அடமண்ட்

பார்சல் கேட்டு வந்தவரிடம், "சாயா என்ன மீனா, கவருல கெட்டித் தர? பாத்திரம் கொண்டு வாரும்" என்கிறார் முருகதாஸ். வந்தவர் எதிர்க்கடைக்குப் போகிறார். முருகதாஸ் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. புதுக்கடைச் சந்திப்பில் அவருடைய சாயாக்கடைக்கு ஆட்கள் குறைந்ததற்கு இதுதான் காரணம். வருகிறவர்கள், நான் உட்பட, விடாமல் வருவதற்கும் இதுவேதான்.

"சீனி குறைச்சு" என்று சொன்னாலும் அளவு மாறாது. அவருக்கே சர்க்கரை நோய் உண்டு. அவர் குடிப்பதும் அதே இனிப்பில்தான். மழைக்காலத்துக்கு முன்னால் இடதுகால் பெருவிரலில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. இன்சுலின் போடாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. "ஒருக்க குத்துனா பின்ன நிறுத்த முடியாதுல்லா" என்று மறுத்துவிட்டார். டாக்டர் அலுத்துப்போய் மனைவி ஓமனாவிடம், "உங்க வீட்டுக்காரர் ரொம்ப அடமண்ட்" என்றாராம்.

முருகதாஸ் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். "அடம் மண்டையில இருக்கவன் அடமண்ட். நம்ம தமிழ்ல இருந்து வெள்ளக்காரன் களவாண்டது, கேட்டியளா?"

உடைக்க முடியாத கல்லுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்த சொல் அது என்றேன்.

"கல்லா? அப்பம் எனக்க மண்டையத் தட்டிப் பாத்துட்டுதான் சொல்லியிருக்காரு."

நமக்கு இருந்தால் உறுதி என்கிறோம், அடுத்தவருக்கு இருந்தால் பிடிவாதம் என்கிறோம். கவர் விஷயத்தில் அவருடையதை உறுதி என்று ஒப்புக்கொள்வேன். ஊசி விஷயத்தில் மாட்டேன்.

கடையில் பழம்பொரி சுடுவது ஓமனா. காலையில் பாய்லர் கொதித்ததும் முதல் சாயா ஓமனாவுக்கு. கடை திறந்த நாளிலிருந்து முருகதாஸ் மாற்றாத வழக்கம் அது. சில நாட்களாக ஓமனா அதைத் தொடுவதில்லை. சண்டை இல்லை. ஊசியைக் கொண்டுவந்து டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்புக்குப் போய்விடுகிறார்.

இன்றும் அப்படித்தான். "ஓமனா, சாயா ஆறுது" என்றார் முருகதாஸ்.

"சாயா ஆறும். புண்ணுல்லா ஆறமாட்டேங்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முருகதாஸ் சிரிக்கவில்லை. ஆடை படிந்த சாயாவைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்.

"ஏட்டி, டாக்டரு ஆளு மாறிச் சொல்லிட்டாரு. அடமண்ட் நானில்ல, நீயாக்கும்."

ஓமனா சட்டியை இறக்கிவைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஊசியுடன் வந்து நின்றார்.

முருகதாஸ் பாய்லர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கை ஓமனாவின் சாயாவில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கை பனியனை வயிற்றுக்கு மேலே தூக்கியது.