மஸ்தான் பாய் ஜட்கா சேர்த்த கூட்டம்

1. நாலு பேர்

"என்னய்யா இது? நாலு பேருக்கா ஒரு ப்ரொஃபசரை ராயபுரம் வரைக்கும் அனுப்பினோம்?"

எங்கள் சூபரிண்டெண்டெண்ட் கோவிந்தராஜுலு நாயுடு அட்டெண்டன்ஸ் ஷீட்டை மேசைமேல் வீசினார். உண்மையைச் சொன்னால் அந்த நாலு பேரும் தேறமாட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாட்ச்மேன். இன்னொருவர் சிலைடு காட்டும் லாந்தர் பெட்டியைத் தூக்கி வந்த எங்கள் பியூன். மூன்றாவது ஆள் மழைக்கு ஒதுங்கியவர். நாலாவது நான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். யூனிவர்சிடியின் அறிவு நாலு சுவருக்குள் கிடக்கக்கூடாது, தொழிலாளர் வசிக்கும் இடங்களுக்குப் போகவேண்டும் என்று 'எக்ஸ்டென்ஷன் லெக்சர்' என்று ஒரு ஸ்கீம் ஆரம்பித்தார்கள். ஹால் பிடிப்பது, நோட்டீஸ் எழுதுவது, தலை எண்ணுவது எல்லாம் என் வேலை. டெம்பரரி கிளார்க். தண்டையார்பேட்டையில் பிறந்தவன் என்பதால் வடசென்னையை என் தலையில் கட்டினார்கள்.

"இதோட ரெண்டு லெக்சர் ஆச்சு. மூணாவதுக்கு அம்பது பேராவது வரணும். இல்லேன்னா ஸ்கீமை மூடிடுவாங்க. ஸ்கீம் போனா உன் போஸ்டும் போச்சு, தெரியுமில்ல?" என்றார் நாயுடு.

நன்றாகவே தெரியும். அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் "மாப்பிள்ளை யூனிவர்சிடியில் இருக்கார்" என்று தெருமுழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள்.

தப்பு என்னுடையதுதான். இப்போது சொல்ல வெட்கமில்லை. நான் எழுதிய நோட்டீஸ் இப்படி இருக்கும்: 'கடலோர மணற்பெயர்ச்சி குறித்து அறிஞர் ஆற்றும் ஆய்வுரை. யாவரும் வருகைதந்து பயனெய்துக.' ஆபீசில் என் தண்டையார்பேட்டைப் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சிரித்ததிலிருந்து, வாயைத் திறந்தாலும் பேனாவைத் திறந்தாலும் செந்தமிழ்தான். அந்தச் செந்தமிழ் ராயபுரத்துச் சுவர்களில் ஒட்டியபடியே நனைந்து உரிந்தது.

2. வண்டி

மஸ்தான் பாய் சினிமாக் கொட்டகைகளுக்கு நோட்டீஸ் போடும் ஜட்காக்காரர். வண்டியின் இரண்டு பக்கமும் படம் எழுதிய தட்டி, பின்னால் ஒரு டிரம்காரர், முன்னால் பாய். தெருத்தெருவாகப் போய் டிரம் தட்டிக் கூவிக்கொண்டே நோட்டீசை வீசுவார். மூணாவது லெக்சர் அன்று காலையில் நான் கோந்து வாளியோடு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், செவுத்துல ஒட்டிக்கினு போனா ஆரு படிப்பாங்க? டிரம் சத்தம் கேட்டாத்தான் ஜனம் வூட்ட வுட்டு வெளிய வரும்."

"எவ்வளவு ஆகும் பாய்?"

"குதிரைக்குக் கொள்ளு வாங்கிக் குடு, போதும். காலேஜு விசயம்ன்றே. நம்ம பேரும் கெட்டுப்பூடக் கூடாது."

விஷயத்தை விளக்கினேன். பெரிய ப்ரொஃபசர் வருகிறார், கடலைப் பற்றிப் பேசுவார், லாந்தரில் சிலைடு காட்டுவார், டிக்கெட் கிடையாது. பாய்க்கு எழுத்து தெரியாது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வண்டித் தட்டியில் போன வாரத்துப் படத்தின் கதாநாயகன் கத்தியோடு குதித்துக்கொண்டிருந்தான்.

"அதைக் கழட்டிடலாமே பாய்?"

"அத்த அவுத்தா வண்டி அழகே பூடும் சார். ஆணி வெச்சு அடிச்சுக் கீது. நீ போய் நாற்காலி போடு."

நான் போய் நாற்காலி போட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கூட ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாய்க்குத் தெரிந்தது ஒரே கூவல். இருபது வருடமாக அதே கூவல். அதில் எங்கள் கடலை நுழைத்துக்கொண்டார். "இன்று மாலை ஒரே ஒரு ஆட்டம்! கடல் பொங்குது! அலை சீறுது! காணத் தவறாதீர்! பெண்களுக்குத் தனி இடம் உண்டு!"

3. இண்டர்வல்

மாலை ஆறு மணிக்கு ப்ரொஃபசர் சுந்தரேசன் டாக்சியில் வந்து இறங்கினார். பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. மீன்கார அம்மாக்கள் கோரைப்பாயும் சுண்டலுமாக முன்வரிசையை வளைத்திருந்தார்கள். மில் ஷிப்ட் விட்டவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள்.

"கடல் ஆராய்ச்சிக்கு இவ்வளவு ஆர்வமா! நான் எதிர்பார்க்கவே இல்லை" என்றார் ப்ரொஃபசர். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னா படம் சார்?" என்று கேட்ட ஒருவரை நான் அவசரமாக உள்ளே தள்ளினேன்.

விளக்கை அணைத்தோம். முதல் சிலைடு விழுந்தது. ஹார்பர் மேப். ஒரே விசில். "டைட்டில் போட்டாம்பா!"

இரண்டாவது, அலைதடுப்புச் சுவர். ப்ரொஃபசர் அதன் நீள அகலம் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவதும் சுவர்தான்.

"இன்னா மாமு, இது ஆடாம நின்னுகினே கீது?"

"ஃபைட்டு எப்போ நைனா?"

"இண்டர்வல் வுடுங்கப்பா! இன்னா பேஜாரா கீது!"

பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். ப்ரொஃபசர் பாதி வாக்கியத்தில் நின்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படும். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. மேடைக்கு ஏறினேன். மாதக்கணக்காக ஆபீசில் பூட்டி வைத்திருந்த பேச்சு தானாக வந்தது.

"யக்கா, நைனா, அல்லாரும் கேளுங்க! இது சினிமா இல்ல. வண்டிய அனுப்பினது நானு, தப்பு என்னுது. இந்த ஐயா மேல கோச்சுக்காதீங்க. ஆனா இவரு காட்றது நம்ம கடலு. இன்னும் ஒரே ஒரு சிலைடு பாருங்க. புடிக்கலயா, எய்ந்து பூடுங்க. நானும் வூட்டுக்குப் பூடறேன்."

சத்தம் அடங்கியது. அந்த ஒரு சிலைடு எது என்று எனக்கே தெரியாது. ப்ரொஃபசர் பெட்டியில் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ராயபுரம் கரையின் மேப். ஹார்பர் கட்டுவதற்கு முன் கரை இருந்த இடத்தில் ஒரு கோடு, இப்போது இருக்கும் இடத்தில் ஒரு கோடு. நடுவே முழுக்கத் தண்ணீர்.

முன்வரிசையில் மீன் விற்கும் அஞ்சலை எழுந்தாள். அவளை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அவள் குரல் அப்படி.

"யோவ், வெளக்க ஆட்டாத. இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதான்யா என் மாமியா வூடு இருந்துச்சு!"

ப்ரொஃபசர் கையிலிருந்த குச்சியை அவளிடம் நீட்டினார். "எந்த இடம்னு காட்டுங்கம்மா."

அஞ்சலை மேடைக்கு வந்தாள். "இங்க வூடு. இங்க கெணறு. இங்க வலை காயப் போடுவோம்."

"கெணறு அந்தாண்ட இல்லக்கா, இந்தாண்ட!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அவரும் மேடைக்கு வந்தார். கிணற்றுக்காகக் கால்மணி நேரம் சண்டை. ஜனம் கேட்ட ஃபைட்டு ஒருவழியாக நடந்தது. ப்ரொஃபசர் நோட்டை முழங்காலில் வைத்து எழுதித் தள்ளினார்.

கடைசியில் அஞ்சலை குச்சியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "ஹார்பருக்குத் தெக்கால மணல் ரொம்பிக்கினே போவுது. வடக்கால எங்க வூடு மட்டும் போவுது. அது ஏன் சாமி?"

"அதைச் சொல்லத்தாம்மா வந்தேன்" என்றார் ப்ரொஃபசர். லெக்சர் அங்கேதான் ஆரம்பமானது. மணல் கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், ஹார்பர் சுவர் அதை மறித்துவிடுகிறது என்றார்.

"மில்லு கேட்ட மூடினா மாரி. அந்தாண்ட கும்பல், இந்தாண்ட காலி" என்றார் ஜன்னலில் தொங்கியவர்.

"சரியாகச் சொன்னீர்கள்" என்றார் ப்ரொஃபசர். அதற்குப் பிறகு யாரும் இண்டர்வல் கேட்கவில்லை.

4. கரி

அட்டெண்டன்ஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். பாதிப் பேருக்குக் கைநாட்டு. மைப் பெட்டி கொண்டுவரவில்லை. லாந்தர் புகைக்கூண்டில் இருந்த கரியைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள்.

மறுநாள் நாயுடு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவர் விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது.

"என்னய்யா இது, யூனிவர்சிடி ஃபைலா, போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டா?"

"இருநூறு பேருக்கு மேல சார்."

"எப்படிய்யா வந்தாங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "சினிமான்னு நெனச்சு வந்தாங்க சார்."

"இல்லேன்னு தெரிஞ்சதும் போயிட்டாங்களா?"

"இல்ல சார். ஒருத்தரும் போகல."

நாயுடு கரிவிரலைத் துடைக்காமலே ஃபைலில் 'ஸ்கீம் தொடரலாம்' என்று குறிப்பு எழுதினார். தாளின் மூலையில் அவர் கைநாட்டும் விழுந்தது. தை மாதம் என் கல்யாணத்துக்கு மஸ்தான் பாயின் டிரம்தான்.

அப்புறம் முப்பது வருடம் லெக்சர், செமினார், பட்டறை என்று எத்தனையோ நோட்டீஸ் எழுதினேன். எதையும் ஃபைலுக்காக எழுதவில்லை. எழுதியதை யாராவது ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் "எப்போ?" என்று கேட்டால்தான் பிரஸ்ஸுக்குப் போகும். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

முதல் சோதனை மஸ்தான் பாயிடம். அந்தக் கடல் லெக்சருக்கு அடுத்த மாதம் கொசுவைப் பற்றி லெக்சர். இந்தத் தடவை வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். "உள்ளதை மட்டும் கூவணும் பாய்" என்றேன். பாய் யோசித்தார். டிரம்காரருக்குக் கண்ணைக் காட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்:

"ஆடல் கிடையாது! பாடல் கிடையாது! அஞ்சலை அக்கா வந்தா சண்டை மட்டும் உண்டு!"