நிமிர்ந்த அளவு

இஞ்ச் டேப்பைக் கண்டதும் பொய் சொல்லாத உடம்பை நான் இதுவரை பார்த்ததில்லை. தொப்பை உள்ளே போகும், தோள் பின்னால் போகும், கழுத்து எங்கிருந்தோ இரண்டு இஞ்ச் நீளும். அந்த அளவுக்குத் தைத்துக் கொடுத்தால் மறுவாரமே சண்டைக்கு வருவார்கள். அதனால் நான் உடனே அளவெடுக்க மாட்டேன். மகள் எப்படி இருக்கிறாள், மாமியாருக்கு முட்டிவலி தேவலையா என்று பேச்சுக் கொடுப்பேன். ஆள் தன்னை மறந்து தொய்ந்து நிற்கும் நேரம் பார்த்து டேப்பைப் போடுவேன். "போலீஸ் வேலைக்குப் போகவேண்டியவ, தப்பித் தவறித் தையல் மெஷின்ல வந்து உக்காந்துட்ட" என்பார் பக்கத்தில் பொத்தான் தைக்கும் என் வீட்டுக்காரர். சொல்லட்டும். இருபது வருடத்தில் என் கடைக்கு ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை.

முதலில் திரும்பி வந்தது தபாலக்காவின் சட்டைதான்.

தபாலக்கா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் குனிந்து முகவரி படித்ததில் முதுகு வளைந்து, தாடை மார்பில் இடிக்கிற மாதிரி இருப்பார். பதினொரு வருடமாக என்னிடம்தான் தைக்கிறார். "உங்க கைதான் டெய்லரம்மா எனக்கு ஒத்துவருது. மத்தவங்க தைச்சா முதுகுல ஏறிக்குது" என்பார். ஏன் ஒத்துவருகிறது என்று நான் சொன்னதே இல்லை. பின்பாகத்தை ஒன்றரை இஞ்ச் கூடுதலாக வைப்பேன். முன்பாகத்தை ஒரு இஞ்ச் குறைத்து, மார்பின் குறுக்கே ஒடுக்கி வெட்டுவேன். கூனலுக்கு அப்படித்தான் வெட்டவேண்டும். வாயால் சொன்னால் மனசு நோகும் என்று விட்டுவிட்டேன்.

தைத்து மூன்று மாதம்கூட ஆகாத அந்தச் சட்டையை மேஜைமேல் வைத்து, "மார்புல இறுக்குது. அளவு தப்பிப்போச்சு போல" என்றார். அடுத்த வாரம் இன்னொன்று. அதே புகார்.

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. தையலைப் புரட்டிப் பார்த்தேன், என் நூல்தான். ஒருவேளை உடம்பு போட்டுவிட்டாரோ என்று சுற்றளவு எடுத்தேன், அதே முப்பத்தாறு. தெருமுனையில் புதிதாகக் கடை திறந்தவன் மாதிரிக்கு வாங்கி ஏதோ கைவைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அக்கா வேறு என் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. புதுக்கடையில குடுத்துப் பிரிச்சீங்களா?"

"நான் எதுக்குப் பிரிக்கணும்?"

"அப்ப இத வேற யாரோ போட்டிருக்காங்க. உங்க உடம்புக்கு வெட்டினது உங்களுக்கு இறுக்கவே இறுக்காது."

அக்கா முகம் சுருங்கிவிட்டது. சட்டைகளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார். "கெட்டுது போ, நல்ல வாடிக்கை" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் தபால்தலை வாங்கும் சாக்கில் தபால் நிலையத்துக்குப் போனேன். கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. பாதிக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அக்காவின் மேஜைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. நின்றபடியே கடிதங்களைப் பிரித்தார். மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் சுவரோரம் போய், குதிகால், இடுப்பு, தோள், தலை எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி நின்றார். இரண்டு கையையும் விலாவில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஸ்ஸ்ஸ் என்று வெகுநேரம் மூச்சை விட்டார்.

ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறார். நோயாளியிடமா நேற்று அப்படி வாயாடினேன் என்று பதறிப்போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன வியாதிக்கா?"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தவர் சிரித்துவிட்டார். "வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாட்டு."

ஊர்ப் பாட்டுக்குழுவில் எட்டு மாதமாகப் பின்வரிசையில் பாடுகிறாராம். கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நீளமான வரியில் எல்லாரும் ஒரே மூச்சில் போக, இவருக்கு மட்டும் பாதியில் அறுந்துவிடுகிறது. குரலில் குறையில்லை, மூச்சு போக இடமில்லாமல் மடங்கி நிற்கிறீர்கள் என்று பாட்டு வாத்தியார் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சோதனை. அன்றைக்கும் வரி அறுந்தால் குழுவில் இடம் இல்லை.

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் டெய்லரம்மா. அதுவும் போயிட்டா வேல, வீடு, அவ்வளவுதான்" என்றார். "வீட்டுல தரையில படுத்து, முட்டிய மடிச்சு, வயித்துமேல புத்தகத்த வச்சு மூச்சுப் பழகறேன். நைட்டியோட நின்னு பாடினா முழு வரியும் வருது. சட்டைய மாட்டிட்டு அங்க போனா வரமாட்டேங்குது. மொதல்ல வாத்தியார்தான் கத விடறாரோன்னு நெனச்சேன். அப்புறம் உங்கமேல சந்தேகம்."

"என்மேலயா?"

"துணி மிச்சம் புடிக்கறீங்களோன்னு."

வேறு நாளாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் நிமிரப் பார்க்கிறார், என் சட்டை இழுத்துக் குனியவைக்கிறது. வேறு வழியில்லாமல் ஒன்றரை இஞ்ச் கணக்கைச் சொன்னேன். அக்கா அசையாமல் கேட்டார்.

"பதினொரு வருஷமாவா?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சோதனைக்குக் குழுவின் வெள்ளைச் சட்டையைத்தான் போடவேண்டும். குழுவில் துணி கொடுத்து ஒரு வாரம் ஆகியும் யாரை நம்பித் தைக்கக் கொடுப்பது என்று பையிலேயே வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு அன்று மாலையே கடைக்கு வரச் சொன்னேன்.

வந்து நிமிர்ந்து நின்றார். நானா நம்புவேன்? தங்கையைப் பற்றிக் கேட்டேன், மேலதிகாரியைப் பற்றிக் கேட்டேன். பத்து நிமிடத்தில் தோள் மெல்ல முன்னால் இறங்கியது. டேப்பைப் போட்டேன். பழைய கூனலும் இல்லை, முழு நிமிர்வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அக்கா அதைக் கவனித்துவிட்டார். "நிமிர்ந்த அளவுக்கே வெட்டுங்க."

"அங்க போய்ப் பயத்துல குனிஞ்சீங்கன்னா முன்பக்கம் மூட்டை மாதிரி சுருண்டு நிக்கும்."

"நிக்கட்டும். வெட்டுங்க."

வெட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு சோதனை நடக்கும் கூடத்துக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராக முன்னால் வந்து பாடினார்கள். அக்கா வந்தார். பாட்டு என்ன, ராகம் என்ன, எதுவும் என் காதில் ஏறவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டையைப் பார்த்தேன். அந்த நீள வரி தொடங்கியது. பாதியில் அக்காவின் கண் என் கண்ணைச் சந்தித்தது. கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு சுருக்கம் விழுந்தது. என் கை தானாகப் பைக்குள் போனது. அக்கா சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சுருக்கம் போய்விட்டது. வரி அறுபடாமல் கடைசிவரை போய் நின்றது. வாத்தியார் தலையை ஆட்டி, முன்வரிசைக்கு வரச்சொன்னார். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

திங்கட்கிழமை அக்கா கடைக்கு வந்தார். கையில் துணிப் பை எதுவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது டெய்லரம்மா. ஆனா இனிமே நான் வேற கடையில தைச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தையல்ல என்னக்கா கொற?"

"ஒரு கொறையும் இல்ல. நேத்து நீங்க என் சட்டையப் பாத்தீங்க பாருங்க, எப்ப குனிவேன்னு. அந்தப் பார்வையப் பாத்ததும் முதுகு தானா வளையுது. என்னக் கூனலாப் பாத்தே இராத ஒருத்தர்கிட்ட கொஞ்ச நாள் போய் நிக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்தூக்கம் கெட்டுத் தைத்தவள் நான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அழுதவள் நான். வீட்டுக்காரர் பொத்தானைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆனால் அக்கா சொன்னது நிஜம்.

"சரிக்கா, போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் திரும்பிப் படி இறங்கினார். முதுகு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கண் துடித்தது. நான் தலையைக் குனிந்து ஊசியில் நூலைக் கோத்தேன். அவர் தெருவைத் தாண்டுகிறவரை நிமிரவே இல்லை.