வாசித்தலுக்கு இரண்டு கட்டம்

வேலையில் சேர்ந்த முதல் வருடம், என் வகுப்புக்கு மதிப்பீட்டுப் பதிவேடு தயாரித்தேன். எழுதுதல், கூட்டல், கழித்தல் என்று ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கட்டம் போட்டேன். வாசித்தலுக்கு மட்டும் இரண்டு: நடத்திய பாடம், நடத்தாத பாடம்.

பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். "எதுக்குங்க டீச்சர் ரெண்டு? இருக்கிற வேலை பத்தலையா?"

"ஒத்தக் கட்டத்துல நான் ஏமாத்தியிருக்கேங்க."

கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற வீடு எங்களுடையது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பக்கத்து வீட்டு அக்கா சத்தம்போட்டுப் படிப்பதைக் கேட்டே ஒன்றாம் வகுப்புப் பாடமெல்லாம் எனக்கு மனப்பாடம். படத்தைப் பார்த்ததும் கடகடவென்று ஒப்பிப்பேன். டீச்சர் டிக் போடுவார். அப்பா தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "எம்மக வாசிக்கிறா, கேட்டுட்டுப் போங்க" என்பார். அந்தக் குரல் இன்றும் இனிக்கிறது. ஆனால் உண்மையில் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நான்காம் வகுப்பு ஆயிற்று.

பதிவேடு தயாரான வாரம், ஒரு சிறுமி நடத்திய பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். நான் அடுத்த பாடத்தைத் திருப்பினேன்.

"அது எங்க அண்ணன் இன்னும் சொல்லித் தரல டீச்சர்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "ரெண்டு டிக்குன்னு அம்மாட்ட சொல்லிட்டேனே."

"போடத்தான் போறேன். தெனமும் சாப்ட்டுட்டு இங்கிட்டு வந்து உக்காரு."

வந்தாள். பொங்கல் விடுமுறைக்கு முன், பார்த்தேயிராத ஒரு பக்கத்தை விரல் வைத்துத் திக்கித் திக்கி வாசித்து முடித்தாள். பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இப்பப் போடுங்க."