வானமாமலையைக் காட்டுங்க பாய்

செய்கிறவன் அதைக் கேலி என்பான். படுகிறவனுக்கு அது ஏளனம். இது புரிய அகராதி எதற்கு? பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். சொன்னதோடு சரி.

ஜெயினுலாப்தீன் தாராவியில் கரீம் பாட்சாவின் பெல்ட் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். மேலப்பாளையத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்தவருக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. வேலையில் கை சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது. யாரைக் கண்டாலும் அவரைப் போலவே பேசி, நடந்து, பழிப்புக் காட்டுவார். சரக்கு எடுக்க வரும் சேட், கரண்ட் மீட்டர் பார்க்க வரும் ஆள், முதலாளி கரீம் பாட்சா என்று ஒருவரும் தப்பியதில்லை. கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். சிரிக்க வைத்தால் போதும் அவருக்கு, யாரை வைத்து என்று யோசிக்கமாட்டார்.

அவருடைய பேர்போன வேஷம் வானமாமலை. எதிர்ச் சந்தில் குடியிருப்பவர், மாட்டுங்கா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிப்போனது. காலை இழுத்து இழுத்துத் தினமும் சந்து முனைச் சாயாக்கடைக்கு வருவார். அவர் அரை கிளாஸ் கட்டிங் சாயா கேட்பதை ஜெயினுலாப்தீன் செய்து காட்டினால் பட்டறைப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். வேலை சலித்தால் போதும், "வானமாமலையைக் காட்டுங்க பாய்" என்று ஆரம்பித்துவிடுவான் ஷாகிர். வானமாமலையும் ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நாளைக்குச் செய்து காட்டுவார்களே! ஜெயினுலாப்தீனின் வீட்டில் மட்டும் இந்த வேஷம் நடக்காது. அடுத்தவன் நோவைப் பார்த்துச் சிரிக்கிற வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று மனைவி நஸீரா ஒரே பிடியாகச் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறையில் வந்து உட்கார்ந்தவரின் கையிலிருந்து கத்தி நழுவியது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. ஷாகிரிடம் தண்ணீர் கேட்டார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ஷாகிர் விழுந்து விழுந்து சிரித்து, மற்றவர்களையும் கூப்பிட்டு, மொபைலை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"வானமாமலைக்கு வந்தது எனக்கும் வந்துட்டுடா" என்றார் ஜெயினுலாப்தீன்.

குழறினாலும் எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதால்தான் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அவர் கண்ணில் நீர் வந்ததும் கைதட்டினார்கள். பரணிலிருந்து எட்டிப் பார்த்த கரீம் பாட்சா, கூத்து போதும், வேலையைப் பாருங்கள் என்றார். அத்தனை பேரில் ஒருவனுக்காவது எழுந்து போய் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இவர்களிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்று சுவரைப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார். வீட்டுக்குச் சாயாக்கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே வானமாமலை உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரில், அவர் நடையையே நடந்துகொண்டு ஜெயினுலாப்தீன் வந்தார். ஆளை வைத்துக்கொண்டே பழிப்பா, வெட்கமாக இல்லையா என்று கடைக்காரர் திட்டினார். வானமாமலைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றுதான் கத்தினார். கோபத்தில் கத்துகிறார், பாவம் என்று நினைத்து நாலு பேர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். விளையாட்டுக்குச் செய்கிறான், விட்டுவிடுங்கள் என்று சமாதானம் வேறு. அவர் பேச்சுக்குச் சிரிக்கத் தெரிந்த சந்து அது, காது கொடுக்கத் தெரியாத சந்து.

ஜெயினுலாப்தீன் சாக்கடை ஓரத்தில் விழுந்தார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். வெகுநேரம் எழாமல் கிடந்த பிறகுதான் ஆட்டோ வந்தது.

முன்னமே கொண்டு வந்திருக்கலாமே என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நஸீரா உட்கார்ந்திருந்தபோது மும்பையின் இன்னொரு மூலையில், சீத்தா கேம்பில் இருக்கும் அவள் தம்பி, விவரம் தெரியாமல், கைமாறி வந்த ஷாகிரின் வீடியோவை அனுப்பினான். மச்சான் கலக்கிவிட்டார் என்று எழுதி, கூடவே சிரிக்கும் பொம்மைகள். அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

வாயைப் பழித்தான், வாய் கோணிற்று என்று சந்து தீர்ப்புச் சொன்னது. ஆண்டவனுக்கு வேறு வேலை இல்லையா? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாத மனுஷர் அவர். வந்தது நோய், முற்றவிட்டது நம் சிரிப்பு.

உயிர் தங்கியது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சு வெறும் சத்தமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். தண்ணீரா, தலையணையா, மகளைக் கூப்பிடவா என்று நஸீரா கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில் அவள் கூச்சத்தை விட்டு வானமாமலையைத் தேடிப் போனாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று வாசலில் தயங்கி நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கட்டிலோரம் உட்கார்ந்து, ஜெயினுலாப்தீனின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு நஸீராவிடம் சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை; மறுபடி சொல்லுங்கள் அண்ணாச்சி என்றாள். அவர் மெதுவாக மறுபடி சொன்னார். பொறுமையாகக் கேட்டால் புரிகிற பேச்சுதான் அது.

"இப்பமாவது நம்புதாங்களான்னு கேக்காரு, தங்கச்சி."