கடைசிக் கடைக்கு ஒரு கதவு

மலேசியாவில், கிள்ளான் கடைத்தெருவில் எங்கள் கடை வரிசை இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டடம் நிற்கிறது. நல்ல கட்டடம்தான். மழை ஒழுகுவதில்லை, எலி இல்லை, கழிப்பறைச் சாவிக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் அதைக் குறை சொன்னால் என் கணவர், "பழைய கடை ஒழுகுறப்ப வாளி வச்சது யாரு, நீயா நானா?" என்று கேட்பார். அவர்தான் வைத்தார். நான் கல்லாவை விட்டு எழுந்ததே இல்லை. ஆனாலும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்களுடையது வளையல் கடை. ஒரே முதலாளிக்குச் சொந்தமான ஏழு கடைகளில் நடுவில் இருந்தது. முதலில் சேலைக் கடை, அடுத்து தையல்காரர், பிறகு பாத்திரக் கடை, நாங்கள், பூஜைச் சாமான் கடை, பலகாரக் கடை, கடைசியில் பூக்கடை. இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைக்கவில்லை. கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வரும் குடும்பம் எப்படி நடக்குமோ அப்படியே கடைகளும் அமைந்துவிட்டன. தெம்பு இருக்கும்போதே சேலை எடுத்துவிட வேண்டும். அந்தச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரவிக்கைக்கு அளவு கொடுக்க முடியும், வளையலுக்கு நிறம் பார்க்க முடியும். பலகாரம் நசுங்கும், பூ வாடும். அதனால் இரண்டும் கடைசியில். பூ வாங்கிய கையோடு நாலு எட்டு வைத்தால் பஸ் நிற்கும் இடம்.

பூக்கடை அக்கா பக்கத்து ஊரான மேருவிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் கணவர் லோரி ஓட்டியவர். முதுகு போய் வீட்டோடு இருந்தார். அந்தக் குடும்பமே பூக்கடையை நம்பித்தான் இருந்தது. கடை என்று சொல்வதுகூட அதிகம். அஞ்சடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், ஒரு மேசை, இரண்டு வாளி, மேலே ஒரு தார்ப்பாய். ஆனால் எங்கள் ஏழு பேரில் கூட்டத்துக்குக் குறைவே இல்லாதது அவருக்குத்தான். எங்களிடம் ஒன்றும் வாங்காமல் சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள்கூட பஸ் வருவதற்குள் அவரிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கிவிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தெரு சரியத் தொடங்கியது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. கார் நிறுத்த இடமில்லை என்று முதலில் பணக்கார வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு பிள்ளைகள் செமினி, காஜாங் என்று தூரத்து ஊர்களில் வீடு வாங்கிப் போனார்கள். அம்மாக்களும் கூடவே போனார்கள். கையிலிருக்கும் போனிலேயே வளையல் வாங்க ஆரம்பித்தார்கள், அளவு சரியில்லை என்றால் என்னிடம் வந்து புலம்பினார்கள். ஒரு நாள் முதலாளி காலமானார். அவருடைய மகன்கள் வரிசையை மொத்தமாக விற்றார்கள். வாங்கிய நிறுவனம் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னது. பழைய கடைக்காரர்கள் அனைவருக்கும் புதுக் கட்டடத்தின் தரைத் தளத்தில் இடம் உண்டு என்றும் சொன்னது. அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

அந்த நிறுவனத்திலிருந்து வந்த பெண் நம் தமிழ்ப் பெண்தான். வரைபடத்தை மேசையில் விரித்து, "குலுக்கல் போட்டுக்கலாம் அங்கிள், அதுதான் ஃபேர்" என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களை ஒரு துண்டுச் சீட்டு பிரித்துவிடுமா?

அப்போது பேசியது பூக்கடை அக்காதான். பொதுவாகக் கூட்டத்தில் வாய் திறக்காதவர். "குலுக்கல்லாம் வேணாம் மிஸ். தெருவில எப்படி இருந்தோமோ அப்படியே இருந்துக்கிறோம். நான் கடைசியிலயே இருக்கேன். பூவைக் கடைசியாத்தானே வாங்குவாங்க" என்றார்.

எல்லாரும் கை தட்டினோம். சேலைக் கடை அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான்லா ஒத்துமை" என்றார். அந்தப் பெண் மட்டும் வரைபடத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஆன்டி, ஷுவரா?" என்று கேட்டாள். ஷுவர் என்றார் அக்கா. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கணவரிடம் அக்காவின் பெருமையையே பேசிக்கொண்டு போனேன்.

கட்டி முடிக்கும்வரை ஆளுக்கொரு திசையில் பிழைத்தோம். திரும்பி வந்து கதவு திறந்த முதல் வாரத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. தெருவுக்கு இரண்டு முனையும் திறப்பு. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போவார்கள். இந்தக் கட்டடத்திலோ ஜனங்கள் கீழே காரை விட்டு லிஃப்டில் ஏறி, சேலைக் கடை வாசலில் வந்து இறங்குகிறார்கள். திரும்பிப் போவதும் அதே லிஃப்டில்தான். சிலர் தையல் கடை வரை வருவார்கள், சிலர் என் கடை வரை. அதற்கப்பால் போக அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கடைசியில் இருப்பது ஒரு வெள்ளைச் சுவர். சுவர் ஓரமாக அக்கா.

எங்கள் வரிசையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தோம். பஸ் ஸ்டாப்பைக் கொண்டுவர மறந்துவிட்டோம். அதுவும் தூரத்தில் இல்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பழைய இடத்திலேயே இருந்தது. பஸ் பிரேக் போடும் சத்தம் அக்காவின் மேசையில் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். அவருடைய வாடிக்கையாளர்கள் ஒரு கை தூரத்தில் நிற்கிறார்கள், இவரைப் பார்க்க முடியாது. சுற்றிக்கொண்டு வர வேண்டுமென்றால் கார் நிறுத்துமிடத்துக்குள் இறங்கி லிஃப்ட் ஏற வேண்டும். ஒரு முழம் பூவுக்கு யார் அவ்வளவு பாடுபடுவார்கள்?

அக்கா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். "மிஸ், அந்தச் சுவத்துல ஒரு கதவு போட்டுக் குடுங்களேன். சின்னதாப் போதும். ஒரு ஆள் நுழையுற மாதிரி."

முடியாது என்றார்கள். பிளான் பாஸாகிவிட்டது, தீயணைப்பு விதி இருக்கிறது, அந்தப் பக்கத்துத் தரை மட்டம் வேறு, இப்படிப் பல காரணம். அந்தப் பெண் பாவம், மேலிடத்தில் சொன்னதைத்தான் எங்களிடம் சொன்னாள். நானும் என் கணவரும் ஒரு முறை அக்காவோடு போனோம். என் கணவர் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அன்று அவரே மேசையைத் தட்டினார். மேசைதான் ஆடியது. அடுத்த முறை எல்லாக் கடைக்காரர்களும் சேர்ந்து போகலாம் என்றேன். சேலைக் கடை அண்ணன், "தீவாளி போகட்டும் தங்கச்சி, பொறவு பாத்துக்கலாம்" என்றார். தீபாவளி போயிற்று. பொங்கல் போகட்டும் என்றார். அந்தக் கோடியில் வாசல் வந்தால் கூட்டம் அங்கிருந்து ஆரம்பிக்கும், சேலைக் கடை கடைசியாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒற்றுமையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. இன்றைக்கும் அவர் கடை வாசலைத் தாண்டும்போது சிரிக்கிறேன், ஆனால் மனசாரச் சிரிப்பதில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். வளையல் வாங்க வருகிறவர்களிடம், "பூ வேணும்னா நேராப் போங்கம்மா, கடைசியில இருக்கு" என்பேன். சிலர் எட்டிப் பார்ப்பார்கள். "அவ்ளோ தூரமா?" என்பார்கள். இதே ஜனம் தெருவில் வெயிலில் நடந்தபோது அதைத் தூரம் என்று சொன்னதே இல்லை.

மல்லிகைக்கும் அந்த இடம் ஒத்துக்கொள்ளவில்லை. பூ என்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும். தரை ஈரமானால் வழுக்கும் என்று காவலாளி வந்து நிற்பார். அவரும் நம் ஆள்தான். "அக்கா, எனக்கு ஏச்சு விழுதுக்கா" என்று கெஞ்சுவார். அக்கா தன் முந்தானையாலேயே தரையைத் துடைப்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. பகலில் பாதி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருந்து நான் பார்த்திராத மனுஷி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு வருவேன்.

ஒரு நாள் பேச்சு நடுவில் அவர், "நானேதானே கேட்டு வாங்குனேன்" என்றார். "இல்லக்கா, நாங்க எல்லாருந்தான் கை தட்டுனோம்" என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கள் ஆறு பேரிடமும் சொல்லிக்கொண்டு போனார். சேலைக் கடை அண்ணன் ஒரு சேலை கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார். நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது. பிறகு கலர் கலராக ஜவ்வரிசி போட்ட குளிர்பானம் விற்கும் ஒரு கம்பெனி வந்தது. நாடு முழுக்கக் கிளை உள்ள கம்பெனி. சாலையைப் பார்த்து வாசல் இல்லாமல் வரமாட்டோம் என்றார்களாம். அவ்வளவுதான். பலகை மறைப்புக் கட்டினார்கள், துளைபோடும் இயந்திரச் சத்தம் சில நாள் காதைக் கிழித்தது. மறைப்பை எடுத்தபோது வெள்ளைச் சுவரின் இடத்தில் அகலமான கண்ணாடிக் கதவு, ஆள் வந்தால் தானாகத் திறக்கிறது. பிளானும் தீயும் தரை மட்டமும் எங்கே போயினவோ தெரியவில்லை.

கதவு திறந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நேராக உள்ளே வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், வேலை முடிந்த பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு அம்மா. பழைய முகங்கள் சிலவற்றைப் பார்த்தேன். "அட, நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். யோசிக்காமல் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா! கதவு போட்டுட்டாங்கக்கா. வாசப்பக்கம் ஒரு மேசை போட இடம் இருக்கு. நான் பேசிப் பாக்குறேன், நீங்க வந்துடுங்க" என்றேன்.

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. மேருவிலேயே ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். "உக்காந்து செய்ற வேலைதாம்மா. மாசம் பொறந்தா சம்பளம். இனிமே அங்க வந்து என்னத்தப் பண்ண?" குரலில் வருத்தம்கூட இல்லை.

அதோடு போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் போட்டாங்க?" என்று கேட்டார்.

"உங்க பக்கந்தான்க்கா."

"எவ்வளவு பெருசு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். நாலு பேர் சேர்ந்து நுழையலாம் என்றேன்.

"நான் ஒரு ஆள் நுழையுற மாதிரிதானேம்மா கேட்டேன்" என்றார் அக்கா.